ஒரு விரற்கடை உயரம்

அத்தியாயம் 3

"நாலு இருந்ததாம். ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு போயிட்டானாம். அத்தை, வந்தவன் திருடனா, இல்ல ருசி பார்க்க வந்தவனா?"

மாப்பிள்ளை சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அத்தை சிரிக்கவில்லை. பட்டறை மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறக்குறைய தலையையே விட்டிருந்தார். பெட்டிக்குள் கனமான அலுமினிய வளையங்கள் மூன்று இருந்தன. நாலாவதின் இடம் காலியாக இருந்தது.

அத்தை என்றால் மாப்பிள்ளைக்குத்தான் அத்தை, பெண்ணைக் கொடுத்தவர். வேலைக்காலம் முழுவதும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவர். நசுங்கினதையும் பார்ப்பார், நசுக்கினவர் சொல்லும் கதையையும் கேட்பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான், எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார முடியாமல் துப்பறிய ஆரம்பித்தார். இத்தனை வண்டிகளைப் பார்த்தவருக்கு ஒரு வண்டியையும் ஓட்டத் தெரியாது. "அம்மாவைக் கொஞ்சம் கொண்டுபோய் விட்டுட்டு வாங்களேன்" என்று மனைவி ஒருநாள் சொன்னதோடு மாப்பிள்ளையின் தலையெழுத்து மாறிவிட்டது. விட்டுவிட்டு வரப் போனவர் உதவியாளராகிவிட்டார்.

"மாப்பிள்ளை, சிரிச்சது போதும். இந்த வளையம் எதுக்குன்னு கேளுங்க."

கேட்கும் முன்பே மெக்கானிக் பதில் சொன்னார். ஸ்பேனர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒல்லியாக, நீளமாக, தலை மட்டும் அகலமாக இருந்ததால் அந்தப் பெயர் பொருந்தவும் பொருந்தியது.

"ஸ்பிரிங்குக்கு மேல வைக்கறதும்மா. நாலு சக்கரத்துக்கு நாலு. வெச்சா வண்டி இன்னும் ஒரு விரக்கடை உசரும். ஏற்கெனவே ஒரு தடவை உசத்தித்தான் வெச்சிருக்கு. இது அதுக்கும் மேல."

"தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாது. அடியில கல்லு இடிக்காது, அது லாபம். சரிவுல போகும்போது சாயும், அது நஷ்டம். என்னைக் கேட்டா இது போதும். ஆனா வண்டிக்காரர் தூக்குன்னா தூக்குவேன். தூக்கவிட்டாத்தானே! ஒரு செட் வாங்கி வெச்சேன், ஒண்ணு காணோம். மிச்ச மூணையும் கடையில திருப்பிக் குடுத்து இன்னொரு செட் வாங்கினேன், அதுலயும் ஒண்ணு காணோம். பெரியவர் என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல."

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலையேப்பா" என்றார் பெரியவர். சொன்ன தொனியில் எல்லாம் சொல்லியிருந்தார்.

பெரியவர்தான் இவர்களைக் கூப்பிட்டவர். தெருக்கோடியில் இருக்கும் பேக்கரி அவருக்கும் தம்பிக்கும் சொந்தம். ஊர் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்று சொல்லும். வாரம் முழுக்க மாவு, சர்க்கரை, அடுப்பு, கடைகடையாகப் பிரெட் போடும் வேன். ஞாயிறானால் இந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு பாறைப் போட்டிக்குப் போய்விடுவார்கள். தம்பி ஓட்டுவார். அண்ணன் பாறைக்குப் பாறை இறங்கி, முன்னால் நின்று, எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லில் வைக்க வேண்டும் என்று கைகாட்டுவார்.

"உக்காருங்க" என்று ஸ்பேனர் ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் நின்னுக்கறேன்" என்றார் பெரியவர். முக்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டார்.

"போன போட்டியில ஒரு பாறைமேல வயிறு தட்டி நின்னுடுச்சும்மா. நாலு சக்கரமும் அந்தரத்துல சுத்துது. சுத்தி நின்னவன் எல்லாம் போட்டோ எடுக்கறான். ஒரு விரக்கடை உசரம் இருந்திருந்தா தாண்டியிருப்போம். இந்த ஞாயிறு மறுபடி போட்டி. அதுக்குள்ள உசத்தலைன்னா நான் வரமாட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவன் வேற யாரையாவது கூட்டிக்கிட்டு போகட்டும்."

"போட்டிக்கே போகாம விட்டாலும் விடுவீங்களா?" என்றார் அத்தை.

"விடுவேன்."

வீம்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கை ஜீப்பின் மட்கார்டைத் தடவிக்கொண்டிருந்தது.

அத்தை ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மறுபக்கத்துக் கைப்பிடியைத் தொட்டதும் பல் விழப்போகிற குழந்தை மாதிரி ஆடியது. அதன் கீழே பிரெட் அடுக்கும் பிளாஸ்டிக் டிரே ஒன்று கவிழ்த்துக் கிடந்தது. நடுவில் விரிசல்.

"இது எதுக்கு இங்க?"

"கால்ல சேறு படாம இருக்க" என்றார் பெரியவர், கேள்வி முடியும் முன்பே.

தரை காய்ந்து கிடந்தது. அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்தப் போட்டியில உங்களுக்கு ஆகாதவங்க யாராவது?"

"தாடிக்காரன்" என்றார்கள் பெரியவரும் ஸ்பேனரும் ஒரே குரலில்.

*

காரில் ஏறியதும் மாப்பிள்ளை தொடங்கிவிட்டார்.

"ஒண்ணு மட்டும் எடுத்தது ஏன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு அத்தை. கனம். நாலையும் தூக்க முடியல. ஆக, திருடன் நோஞ்சான்."

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை வந்திருக்கானே. நாலு தடவை வந்து நாலையும் எடுத்திருக்கலாமே?"

"சோம்பேறி நோஞ்சான்."

"மாப்பிள்ளை, வளையத்தை விக்கறவனுக்கு நாலும் வேணும். தன் வண்டிக்குப் போடறவனுக்கும் நாலும் வேணும். ஒண்ணு மட்டும் எடுத்தவனுக்கு வளையம் வேணாம். அதைப் போடக்கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு வேணும்."

மாப்பிள்ளை ஒரு லாரியை முந்திக்கொண்டு போனார். பிறகு, "அதான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

"சொல்லுங்க, யார் தடுத்தா?"

தாடிக்காரர் வாட்டர் சர்வீஸில் தன் ஜீப்புக்கு அடியில் தண்ணீர் அடிக்க விட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தாடி மார்பு வரைக்கும் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அது முழுவதும் குலுங்கியது.

"நான் திருடினேனா? அம்மா, அவங்க உசத்தணும்னு நான் கும்பிடாத குறையா இருக்கேன். இந்தத் தடவை போட்டி பக்கச் சரிவுல. எவ்வளவு உசரமோ அவ்வளவு ஈசியா சாயும். ஒரு வளையம் இல்லைன்னா சொல்லுங்க, நானே வாங்கித் தர்றேன். டப்பால ரிப்பன் கட்டி."

"போன தடவை ஏன் மாட்டிக்கிச்சு? உசரம் பத்தலைங்கறாரே பெரியவர்?"

"உசரமா? இந்தாண்ட ஒரு முழம் ஒடிச்சிருந்தா தாராளமா வழி இருந்துச்சு. அடியில எட்டிப் பார்த்தா யாருக்கும் தெரியும். அவர் எங்க பார்த்தாரு? ராஜா மாதிரி நட்டமா நின்னுக்கிட்டு 'வா, வா'ன்னாரு. நாங்க எல்லாம் தவளை மாதிரி உக்காந்து உக்காந்து எந்திரிக்கறோம். இப்படி..."

உட்கார்ந்து காட்டினார். முழங்கால் இரண்டும் சடக், சடக்கென்று சத்தம் போட்டன. எழுந்திருக்க மாப்பிள்ளைதான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"முன்னாடியும் பெரியவர் நின்னுக்கிட்டேதான் வழி சொல்வாரா?" என்று அத்தை கேட்டார்.

தாடிக்காரர் மண்ணைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "இல்ல. போன வருஷம்லாம் மனுஷன் தரையோட தரையா படுத்துல்ல பார்ப்பாரு. அவர் மாதிரி வழி சொல்ற ஆளே கிடையாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்றார் அத்தை. அத்தையின் சும்மாவுக்கு என்ன விலை என்று மாப்பிள்ளைக்குத் தெரியும்.

*

"முட்டி!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார் மாப்பிள்ளை. "பெரியவருக்கு முட்டி வலி. முக்காலியில உக்காரல. பிரெட் டிரேமேல கால வெச்சு, கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்கித்தான் வண்டியில ஏறறாரு. அதான் அது ஆடுது. இன்னும் ஒரு விரக்கடை உசந்தா ஏறவே முடியாது. வெளியில சொன்னா மானம் போகும். அதனால அவரே வளையத்தை ஒளிச்சு வெச்சிட்டாரு!"

"அப்புறம் எதுக்கு நம்மளைக் கூப்பிட்டாரு?"

"அவர்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு."

"நல்லா இருக்கு" என்றார் அத்தை.

அவர் போட்ட காபியைக் குடித்துவிட்டும் அத்தை இதே குரலில்தான் 'நல்லா இருக்கு' என்பார். மாப்பிள்ளைக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் சொந்தமாகக் கண்டுபிடித்த முதல் குற்றவாளி. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

பேக்கரியில் சின்னவர் கல்லாவில் இருந்தார். உருண்டை முகம், மூக்கு நுனியில் மாவு. அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கேட்காமலே இரண்டு பன்னை எடுத்து வைத்தார், அதை அப்படியே விட்டுவிட்டு இன்னும் இரண்டு எடுத்து வைத்தார்.

"அண்ணன் சொன்னாருங்க. எதாவது தெரிஞ்சுதுங்களா?"

"தெரியும், தெரியும்" என்றார் மாப்பிள்ளை பன்னைப் பிட்டுக்கொண்டே. "பட்டறைக்கு டீ நேரத்துக்கு இங்கேருந்துதான் பன் போகுமாமே?"

"ஆமாங்க. கூடையில வெச்சு நாங்க யாராவது கொண்டுபோய்க் குடுப்போம். சில நாள் அண்ணன், சில நாள் நான். அவங்க கை கழுவப் பின்னால போவாங்க, நாங்க வெச்சிட்டு வந்துடுவோம்."

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கூடை! ஆள் இல்லாத பட்டறை! அத்தை அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"உங்க அடுப்படியைக் கொஞ்சம் பார்க்கலாமா தம்பி? என் பொண்ணு கேக் செய்யணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. என்ன அச்சு வாங்கறதுன்னு பார்க்கணும்."

மாப்பிள்ளையின் மனைவி வெந்நீர் வைத்தாலே பாத்திரம் கருகும். மாப்பிள்ளை இன்னொரு துண்டு பன்னை வாயில் போட்டுக்கொண்டார்.

கல்லாவுக்கு ஆள் வந்ததால் சின்னவர் கூட வரவில்லை; பெரியவரும் இன்னும் பட்டறையிலிருந்து திரும்பவில்லை. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் சுவர் நெடுக அச்சு அலமாரி. பெரியவர் வேலை செய்யும் இடம். மேல் தட்டுகளில் வட்ட அச்சுகளும் வளைய அச்சுகளும் எண்ணெய் மினுங்க அடுக்கியிருந்தன. கீழே போகப்போக மினுமினுப்பு குறைந்தது. அடித்தட்டில் தூசி படிந்திருந்தது.

அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'அம்மாடி' என்று ஒரு பெருமூச்சோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடித்தட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். இரண்டு வளையங்கள் வந்தன. தூசி இல்லை. கனம் இருந்தது.

"மாப்பிள்ளை, இது என்ன அச்சு?"

"வளைய கேக் அச்சு மாதிரிதான் இருக்கு."

"கேக்குக்கு எதுக்கு போல்ட் ஓட்டை?"

மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பன் தொண்டையில் சிக்கியது. "நான் சொன்னேன்ல அத்தை! பெரியவரோட அலமாரி! அவரேதான்!"

அத்தை வளையங்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பை ஒரு பக்கமாகத் தொங்கியது. "அப்போ சாயங்காலம் பட்டறைக்கு ரெண்டு பேரையும் வரச்சொல்லுங்க. யார் எடுத்ததுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"நானா?"

"உங்க கண்டுபிடிப்பு. நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

இவ்வளவு நாளில் அத்தை இப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

*

வெயில் தாழ்ந்திருந்தது. பட்டறையில் ஸ்பேனர், பெரியவர், சின்னவர். மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கைப்பிடியில் தொடங்கி, டிரேயைத் தொட்டு, முக்காலி வழியாக முட்டிக்கு வந்து சேர்ந்தார். கடைசியில் அத்தையின் பையிலிருந்து வளையங்களை எடுத்து டங்கென்று மேசைமேல் வைத்தார்.

"இதை ஒளிச்சு வெச்சது வேற யாரும் இல்ல. பெரியவரேதான்!"

பெரியவர் முகம் அடுப்பு மாதிரி சிவந்தது.

"யாருக்குய்யா முட்டி வலி? எனக்கா? என் வண்டிச் சாமானை நானே திருடிட்டு, உங்களைக் கூப்பிட்டு வெச்சு வேடிக்கை பார்க்கறேனா? அந்த அளவுக்கு நான் கூத்தாடியா? இப்ப பார்க்கறியா, நான் உக்காருவேனா மாட்டேனான்னு?"

சொல்லிவிட்டு நடுப்பட்டறையில் காலை அகட்டி நின்றார். மெல்ல மடங்கினார். பாதி வழியில் நின்றுவிட்டார். கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. யாரையும் பார்க்காமல் எதிரே இருந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேணாம்! போதும்ணே!" சின்னவர் பாய்ந்து வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். "அவரை விட்டுடுங்க சார். அவர் இல்ல. நான்தான் எடுத்தேன். ரெண்டு தடவையும் நான்தான்."

மாப்பிள்ளை வளையங்களையும் சின்னவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அத்தை நிதானமாகச் சொன்னார்: "அந்த அலமாரியில மேல் தட்டு எல்லாம் மினுங்குது, அடித்தட்டு தூசி. அதைப் பெரியவர் தொட்டு மாசக்கணக்காச்சு, ஏன்னா அவரால குனிய முடியல. அவரே ஒளிச்சிருந்தா தன் கைக்கு எட்டற இடத்துல ஒளிச்சிருப்பாரு. அவர் கண்ணுல படக்கூடாதுன்னு நினைச்சவர்தான் அடித்தட்டுல ஒளிச்சிருக்கணும்."

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்றார் மாப்பிள்ளை ஈனஸ்வரத்தில். "அப்புறம் எதுக்கு என்னைப் பேச விட்டீங்க?"

"சின்னவரை நேரா கேட்டா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டாரு. அண்ணன்மேல பழி விழுந்தா சொல்லுவாருன்னு நினைச்சேன். பழி போட நல்ல சத்தமா ஒரு ஆள் வேணும் இல்லையா?"

மாற்றிக்கொண்டு வந்த சட்டையை மாப்பிள்ளை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அண்ணன் தம்பி இருவரும் இதில் எதையும் கேட்கவில்லை.

"ஏன்டா?" என்றார் பெரியவர்.

"நீ ஏறும்போது நான் வேற பக்கம் பார்க்கற மாதிரி இருப்பேன். ஆனா சைடு கண்ணாடியில உன் மூஞ்சி தெரியும்ணே. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறுவே. இன்னும் ஒரு விரக்கடைன்னா உன்னால முடியாது. முடியலைன்னு சொல்லவும் மாட்டே. 'கடையைப் பார்த்துக்கறேன், நீ போடா'ன்னுடுவே. எனக்காக உசத்த வேணாம்னு நான் சொன்னாலும் அதையேதான் சொல்லுவே. நான் என்ன பண்றது?"

பெரியவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மடப்பயலே. அன்னிக்கு வயிறு தட்டினதுக்கு உசரம் காரணம் இல்லடா. நான் அடியில பார்க்கவே இல்ல. உக்காந்தா எந்திரிக்க முடியாது, அத்தனை பேர் முன்னால. பார்க்காமலே உனக்கு வான்னு கை காட்டிட்டேன். நீயும் நம்பி வந்துட்டே. வண்டியை உசத்திட்டா நான் பார்க்காட்டியும் நீ மாட்ட மாட்டேன்னு நினைச்சேன்."

ஸ்பேனர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை அவரிடம் கேட்டார். "போட்டியில ஓட்டறவர் எத்தனை தடவைப்பா இறங்குவார்?"

"இறங்கவே கூடாதும்மா. ஏறினா முடிச்சுட்டுத்தான்."

"வழி சொல்றவர்?"

"பாறைக்குப் பாறை ஏறி இறங்கணும்."

"பேக்கரி வேனை தினமும் யார் ஓட்டறது?"

"பெரியவர்தான்..." என்று சொல்ல ஆரம்பித்த ஸ்பேனர் பாதியிலேயே நிறுத்தி, பெரியவரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"போங்கம்மா" என்றார் பெரியவர். "பிரெட் வேனும் இதுவும் ஒண்ணா? இவன் ஓட்டற மாதிரி எனக்கு வராது."

"உன்னை மாதிரி எனக்கு வழி சொல்ல வராதுதான்" என்றார் சின்னவர். "ஆனா எனக்கு உக்கார வரும். ஏறிப் பாருண்ணே. சும்மா ஏறித்தான் பாரேன்."

பெரியவர் ஓட்டுநர் பக்கம் போனார். அந்தப் பக்கம் பிடிக்க ஸ்டியரிங் இருந்தது. இடது கையால் அதையும் வலது கையால் கைப்பிடியையும் பிடித்து, முனகாமல் இல்லை, முனகித்தான் ஏறினார். ஆனால் ஏறிவிட்டார். உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்பினார், சீட்டைத் தள்ளினார், கியரை அசைத்தார். வந்த வேகத்தில் தன் வண்டியாக்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா, வராதுன்னாரு" என்றார் மாப்பிள்ளை.

சின்னவர் பானெட்டுக்கு முன்னால் ஓடிப்போய்க் குந்தி உட்கார்ந்தார்.

ஸ்பேனர் மேசையிலிருந்த இரண்டு வளையங்களையும் எடுத்துக்கொண்டார். "இப்ப செட் முழுசா இருக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க பெரியவரே. தூக்கவா, வேணாமா?"

பெரியவர் 'இருப்பா' என்று கையைக் காட்டினார். ஸ்டியரிங்குக்கு மேல் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தார்.

"டேய், எங்கடா போனே?"

"இங்கதான்ணே இருக்கேன்!" பானெட்டுக்குக் கீழிருந்து குரல் மட்டும் வந்தது.

"கொஞ்சம் பின்னால போ. இன்னும். ம்... நில்லு."

பானெட் விளிம்புக்கு மேலே முதலில் தலைமுடி தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு இரண்டு கண்ணும், மாவு ஒட்டிய மூக்கு நுனியும்.

"வேணாம்ப்பா" என்றார் பெரியவர் ஸ்பேனரிடம், முன்னாலிருந்து பார்வையை எடுக்காமல். "இதுக்கு மேல உசத்தினா பானெட்டு இவனை மறைச்சிடும். இவன் மூஞ்சியைப் பார்க்காம நான் எதை நம்பி வண்டியை விடறது? இருக்கற உசரமே இருக்கட்டும்."

சாவியைத் திருப்பினார். ஜீப் உறுமியது. சின்னவர் உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி, தயக்கத்தோடு அழைத்தார்.

"ஒழுங்கா காட்டுடா!" என்று பெரியவர் கத்தினார். "இப்படிக் கூப்பிட்டா பூனைக்குட்டிகூட வராது!"